போக்கெழுதிய கடனும் ரத்தான பத்திரமும்

வசூலாகாது என்று உறுதியாகிவிட்ட கடனை ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது நாங்கள் போக்கெழுதுவோம். வாராக்கடன் கணக்கில் பற்று வைத்து, கடனாளியின் கணக்கில் வரவு வைத்தால், அவர் பெயருக்கு எதிரே இருந்த நிலுவை தீர்ந்துவிடும். ஆனால் அந்தத் தொகை எங்கும் மறைந்துவிடுவதில்லை. கடன் கொடுத்தவரின் இலாப நட்டக் கணக்கில் நட்டமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பல ஆண்டுகளாகப் பேரேட்டில் இதைப் பார்த்துவருகிற எனக்கு, கடவுள் பாவத்தைக் கண்டும் காணாமல் விட்டிருக்கலாமே, சிலுவை எதற்கு என்று யாராவது கேட்டால், நட்டத்தை யார் பெயரில் எழுதுவது என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றும்.

இதில் வெளியாட்கள் அதிகம் அறியாத நுணுக்கம் ஒன்று உண்டு. போக்கெழுதியதாலேயே கடனாளி விடுபட்டுவிடுவதில்லை. பேரேடு சுத்தமாகிவிடும், பத்திரமோ பெட்டியிலேயே இருக்கும், வசூல் பிரிவினரும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். பத்திரத்தை ரத்து செய்து, 'இனி உங்களிடமிருந்து வரவேண்டியது எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுப்பது முற்றிலும் வேறு காரியம். சபையில் நாம் ஒருவரையொருவர் மன்னிப்பது பெரும்பாலும் முதல் வகைதான். மன்னித்துவிட்டதாகச் சொல்லி ஜெபமும் செய்துவிட்டு, அடுத்த மனத்தாங்கல் வந்தவுடன் பழைய கோப்பைத் தூசிதட்டி எடுக்கிறோம். கிறிஸ்துவோ நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தை, அதாவது கடன் பத்திரத்தை, குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று பவுல் கொலோசெயருக்கு (2:14) எழுதுகிறார்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்து உவமையில், எஜமானிடம் பெருங்கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன் ஒருவன், தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்க மறுக்கிறான். அந்த உடன்வேலைக்காரன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. கணக்கனாக அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வெள்ளிப்பணம் ஒன்று ஒருநாள் கூலி. நூறு நாள் கூலியை இழப்பது எவருக்கும் மெய்யான இழப்பே. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலிக்குச் சமம் என்பதால், முதல் வேலைக்காரனுக்கு எஜமான் தள்ளிவிட்ட 10,000 தாலந்து ஆறு கோடி நாள் கூலியாகிறது. அதனோடு ஒப்பிடும்போதுதான் இந்த நூறு சிறுத்துப்போகிறது.

எங்கள் அலுவலகத்தில் இளம் ஊழியர் ஒருவர் ஒரே விலைப்பட்டியலுக்கு இருமுறை பணம் அனுப்பிவிட்டார். பெற்றவர் தொழிலையே மூடிவிட்டதால் பணம் திரும்பவில்லை. விளக்கக் குறிப்பின் அடியில் பிரிவுத் தலைவர், 'சரிபார்த்திருக்க வேண்டியவன் நான்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய ஊக்கத்தொகை போயிற்று. அடிமையான ஒநேசிமுவுக்காகப் பவுல் அவனுடைய எஜமான் பிலேமோனிடம், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். அந்த இளைஞரோ அதன்பிறகு எல்லோருக்கும் முன்பே வந்து, கடைசி ஆளாகப் போய், பிறருடைய வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். ஒருநாள் தலைவர் அவரை அழைத்து, "தம்பி, உன்னிடம் நான் தவணை கேட்டேனா?" என்றார்.

உபவாசத்தையும் ஊழியத்தையும் காணிக்கையையும் தவணையாகவே கட்டிவருகிற விசுவாசிகள் பலரை எனக்குத் தெரியும்; உழைப்பில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர், ஆனால் ஒரு வாரம் தவறினாலும் கிருபை கைவிட்டுவிட்டதாகக் கலங்கிப்போகிறார்கள். வரி வசூலிப்பவனான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்தினானே என்று அவர்கள் லூக்கா 19-ஐக் காட்டக்கூடும். ஆனால் "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னது, அவன் ஒரு காசையும் எடுத்துவைப்பதற்கு முன்பு. அவன் கொடுக்க முன்வந்ததும் ஏழைகளுக்கும், தன்னால் ஏமாற்றப்பட்டவர்களுக்கும்தான். வீட்டுக்கு வந்தவர் தமக்கென்று எதையும் வாங்கவில்லை.