முக்கா மணி நேரக் கூத்து

போன சனிக்கிழம சாயங்காலம் சேலம் அம்மாபேட்டைல எங்க தெருவுக்கு பின்னாடி இருக்க காலி எடத்துல ஒரு நிகழ்ச்சி. பாட்டு, ஆட்டம், நாடகம் எல்லாம் கலந்து, டிக்கெட் கிடையாது, யாரு வேணா வரலாம், ஏரியா பசங்களே ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு நடத்துனது. "பல பண்பாட்டுக் கலை மாலை"ன்னு பேனர பாத்ததுமே நான் போறதாவே இல்ல, ஸ்கூல் ஆண்டு விழா மாறுவேஷப் போட்டி மாதிரி ஏதோ இருக்கும்னு நெனச்சேன். தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் காயும் வச்சது) கடை போட்டிருக்காங்கன்னு தம்பி சொன்னான், அதுக்காகத்தான் கெளம்புனேன், உண்மைய சொல்லிடணும்ல.

போனா மொதல்ல மைக்ல நிக்கிறது எங்க பக்கத்து வீட்டு அக்கா. அவங்க சௌராஷ்டிரா. இருபது வருஷமா எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே செவுருதான், ஆனா அவங்க பாஷை என் காதுல விழுந்ததெல்லாம் பசங்கள திட்டும்போது மட்டும்தான், அதுல எனக்கு அர்த்தம் தெரியாமலே பழகிப்போன திட்டு நாலஞ்சு இருக்கு. அன்னிக்கு அவங்க பாடுனது நடனகோபால நாயகி சுவாமிகளோட கீர்த்தனை. மதுரைக்காரர், 1843ல பொறந்து 1914 வரைக்கும் இருந்தவரு, சொந்த பாஷையான சௌராஷ்டிரத்துலயே அத்தன பாட்டு எழுதி வச்சவரு. குஜராத் பக்கம் இருந்து தறியோட எறங்கி வந்த சனம், எத்தன நூறு வருஷம் ஆகியும் வீட்டுக்குள்ள அதே பாஷை. (நம்ம டி.எம்.எஸ். வீட்டு பாஷையும் இதுதான், நெறைய பேருக்கு தெரியாது.) சுருதிக்கு போன்ல ஆப் போட்டு மைக் பக்கத்துல வச்சிருந்தாங்க, நடுவுல கால் வந்து சுருதி நின்னு ரிங்டோன் ஸ்பீக்கர்ல அலறுது, அக்கா அசரல, பாடிக்கிட்டே கட் பண்ணிட்டு அதே எடத்துல இருந்து எடுத்தாங்க பாருங்க, அதுக்குதான் அன்னிக்கு மொத கைதட்டு.

அடுத்து தறிப்பட்டறைல வேல செய்ற ஒடிசா பசங்க அஞ்சு பேரு. மேளம் இல்லன்னு பெயிண்ட் வாளிய கவுத்துப் போட்டு அடிச்சாங்க. பட்டறை ஓனர் மொத வரிசைல உக்காந்து முழிச்சிட்டே இருந்தாரு, இவனுங்க பாடுவானுங்கன்னே அவருக்கு தெரியாது போல.

அப்புறம் ஏற்காட்டுல இருந்து வந்தவங்க, தலப்பா கட்டிட்டு கொட்டுக்கு வட்டமா நின்னு நிதானமா ஆடுனாங்க. அறிவிப்பாளர் "மலையாளி மக்கள்"னு சொன்னதும் என் பக்கத்துல ஒரு அண்ணன் "செண்ட மேளமா?"ன்னு கேட்டாரு. கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்கண்ணா, மலைய ஆளுறவங்க, அதான் மலையாளி, பேசுறது தமிழு. காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணந்தம்பிங்க மலையேறுனாங்க, மூத்தவர் வந்து சேந்தது ஏற்காடு இருக்க இந்த சேர்வராயன் மலைன்னு அவங்க வழில ஒரு கத உண்டு. இத சொல்றதுக்குள்ள பின்னாடி இருந்த பெரியவர் ஒருத்தர் "கேரளா மலையாளமும் நம்மூரு சரக்குதான் தம்பி"ன்னு எடுத்து விட்டாரு. மலையாளத்துல மொத பேசும்படம் "பாலன்", 1938, எடுத்தது நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ். நான் தெனமும் பைக்ல போற ரூட்டு அது, இப்ப பாக்கறதுக்கு அந்த ஆர்ச் மட்டுந்தான் நிக்கிது.

கடைசியாதான் கூத்து. திரௌபதி துகில். ரெண்டு பேரு திரைய புடிக்க அதுக்குப் பின்னாடி துச்சாதனன் சலங்கைய தட்டிட்டு நிக்கிறாரு, முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதுறது) கீச்சுன்னு எழும்புது, எனக்கு சின்ன வயசுல பாட்டி மடில தூங்கித் தூங்கி பாத்த ராத்திரி எல்லாம் ஞாபகம் வந்திருச்சு. கோமாளிதான் ஆளு! அந்த ஒடிசா பசங்களுக்கு கத புரியலன்னு பாத்தாரு, துச்சாதனன் கேக்குறதயெல்லாம் தமிழ்ல ஒருக்கா, ஓட்ட இந்தில ஒருக்கா சொல்லி "சாடி கீச்தா ஹை பையா, தப்பு ஹை"ன்னாரு, சேலைய இழுக்குறான், தப்புன்னு. அதுல வாளி அடிச்ச பையன் எந்திரிச்சு அவன் பாஷைல என்னமோ கத்துனான், துச்சாதனன வஞ்சிருப்பான்னு நெனைக்கிறேன். துச்சாதனன் வேஷக்காரரும் விடல, அவன் பக்கம் திரும்பி மீசைய முறுக்கி ஒரு கிறுக்கி (கூத்துல சுழண்டு ஆடுறது) அடிச்சாரு.

சரியா சூடு புடிக்கிற நேரம், மணி பத்து. பத்துக்கு மேல ஸ்பீக்கர் கூடாதுங்கறது சட்டம், தெரியும். ஆனா ஊர்ல கூத்து ஆரம்பிக்கிறதே பத்து மணிக்குதான! விடிய விடிய நடக்க வேண்டியத கடைசி முக்கா மணி நேரத்துல சொருகி வச்சது யாரு யோசனையோ. பாட்டுக்காரங்கள கால் மணி கால் மணியா பிரிக்கலாம், தப்பில்ல. துகில் உரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே "நன்றி வணக்கம்"னு மைக்க வாங்குனா திரௌபதி கதி என்னங்க ஆகுறது?

மேடைக்கு பின்னாடி போனேன். துச்சாதனன் தேங்கா எண்ணெய தொட்டு அரிதாரத்த தேச்சிட்டு இருந்தாரு, பாதி மூஞ்சி செகப்பு, பாதி மூஞ்சி மனுசன். நல்லா இருந்துச்சுங்கண்ணான்னேன்.

"வேசங்கட்டவே ரெண்டு மணி நேரம் ஆவுது தம்பி"ன்னாரு, கோவமெல்லாம் இல்ல, சும்மா கணக்கு சொல்ற மாதிரி. அப்புறம் கிரீடத்த பழைய வேட்டில சுத்தி, புஜக்கட்டையோட சேத்து சாக்குப் பைல வச்சு, எடப்பாடிக்கு பஸ் இருக்குமான்னு கேட்டாரு. என் தம்பி கூட பைக்ல அவர ஏத்தி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி வச்சேன். தட்டுவடை செட்டு அதுக்குள்ள தீந்து போச்சு.