"ஒண்ணும் ஆகாது" என்று நான் சொல்வதில்லை

விமானத்தில் ஏறப் பயந்துபோய் வருபவரைக் கண்டுபிடிப்பது விமானப் பணிப்பெண்களான எங்களுக்குப் பெரிய வேலையில்லை. வாசலில் நின்று வணக்கம் சொல்கிறோமே, அந்த இரண்டு விநாடியில் பாதி தெரிந்துவிடும். போர்டிங் பாஸைக் கசக்கிப் பிடித்திருப்பார். இல்லையென்றால் தேவைக்கு மேல் பேசிச் சிரிப்பார். இந்த இரண்டாம் வகையைத்தான் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கோட்டை விடுவார்கள்.

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்பதை வீட்டிலேயே நாலு பேர் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நானும் அதையே சொல்லி என்ன பிரயோசனம்? அடுத்து என்ன சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போன ஓர் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

"வண்டி நகரும்போது காலுக்குக் கீழே ரம்பம் அறுக்குற மாதிரி கேட்கலாம்மா. அது பம்ப் ஓடுற சத்தம். மேலே கிளம்பினதும் டொம்முன்னு ஒண்ணு வரும், சக்கரம் உள்ளே போகுது. அப்புறம் இன்ஜின் சத்தம் குறையும், கீழே போற மாதிரி இருக்கும். ஆனா ஏறிக்கிட்டுதான் இருப்போம்."

"சரி கண்ணு" என்றார். பிறகு டொம் என்றதும் பக்கத்துத் தம்பிக்கு அவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2025 ஜூனில் நடந்த அகமதாபாத் விமான விபத்துக்குப் பிறகு கேள்விகள் மாறிவிட்டன. உயிர் தப்பிய ஒரே பயணி உட்கார்ந்திருந்த 11A இருக்கை கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. சிரித்து மழுப்பக் கூடாத கேள்வி அது. விபத்துக்குள்ளான அந்த ட்ரீம்லைனர் ரக விமானத்தில் 11A அவசர வாசலை ஒட்டியிருந்தது. எல்லா விமானத்திலும் அப்படி இருக்காது. "உங்க சீட்டுலேருந்து முன்னாடி, பின்னாடி வாசலுக்கு எத்தனை வரிசைன்னு எண்ணி வச்சுக்கங்க, புகை சூழ்ந்தாலும் தடவிக்கிட்டே போயிடலாம்" என்பேன். எண்ணுவதற்கு ஏதாவது கிடைத்தாலே பலருக்குக் கை நடுக்கம் குறைகிறது.

சீட் பெல்ட் விஷயத்தில் மட்டும் நான் இனிக்க இனிக்கப் பேசுவதில்லை. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே டர்புலன்ஸில், அதாவது விமானத்தையே குலுக்கும் காற்றுக் கொந்தளிப்பில், சிக்கியதில் ஒருவர் இறந்தார். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். அதன்பின் அந்த நிறுவனம் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம், சாப்பாடு தருவதை நிறுத்தியது. காபி ஏன் வரவில்லை என்று கோபிப்பவரிடம் இதைச் சொல்லிவிடுவேன். கொஞ்சம் பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும்.

டேக்-ஆஃபின்போது நாங்கள் ஜம்ப் சீட் என்னும் எங்கள் மடக்கு இருக்கையில், கைகளைத் தொடைக்கடியில் வைத்து, தலையைப் பின்னால் அழுத்தி உட்கார்ந்திருப்போம். எதிரே இருந்த ஒருவர் ஒருமுறை, "மேடம், உங்களுக்கும் பயமா?" என்றார்.

"இல்ல சார், மனசுக்குள்ள பாடம் ஓட்டுறேன். எந்தக் கதவு, எப்படித் திறக்கணும், என்ன கத்தணும், உதவிக்கு யாரைக் கூப்பிடணும்னு."

"யாரைக் கூப்பிடுவீங்க?"

"உங்களைத்தான்."

பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.