அறுபதுக்கு மேல் காக்ளியர் இம்ப்ளாண்ட்: ஆபரேஷனுக்கு முன் மேப்பிங் எங்கே என்று கேளுங்கள்

காது மிஷின் மாட்டியும் "சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல" என்று வீட்டுப் பெரியவர் சொல்ல ஆரம்பித்தால், இன்னும் விலை கூடிய மிஷினைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஆடியோகிராமும் (எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் பரிசோதனை) சொல் புரிதல் பரிசோதனையும் எடுங்கள். நல்ல காதிலேயே கேட்புக் குறைவு 60 டெசிபலோ அதற்கு மேலோ இருந்து, சத்தத்தைப் போதுமான அளவு கூட்டி வைத்தும் நூற்றுக்கு 60 சொல்லோ அதற்குக் கீழோதான் புரிகிறது என்றால், காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் மின்கருவி) செய்யும் மையத்தில் காட்ட வேண்டிய நேரம் அது. உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. மிஷினைச் சரியாக டியூன் செய்து, அதை மாட்டியபடியே மறுபடி சோதித்துப் பார்த்துதான் முடிவெடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கருவியின் அளவுகளை அவரவர் காதுக்குத் தக்கபடி அமைப்பதுதான் மேப்பிங், அதைப் பின்னால் விளக்குகிறேன்.

மிஷின் ஒலியைப் பெரிதாக்கி உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். அதை நரம்புக்கான மின்குறிப்பாக மாற்றுவது நத்தைச் சுருள் போன்ற காக்ளியாவில் இருக்கும் மயிரணுக்கள். அவை பெரும்பாலும் அழிந்துவிட்ட காதில் எவ்வளவு கத்தினாலும் இரைச்சல்தான் கூடும். இம்ப்ளாண்ட் அந்த மயிரணுக்களைத் தாண்டி, நேராக நரம்புக்கே மின்துடிப்பைத் தருகிறது. காக்ளியாவுக்குள் போகும் மெல்லிய கம்பியில் கம்பெனிக்குத் தக்கபடி 12, 16 அல்லது 22 மின்முனைகள் இருக்கும். ஆயிரக்கணக்கான மயிரணுக்கள் பார்த்த வேலையை இந்தச் சிலவற்றைக் கொண்டு செய்ய வேண்டும். புதிதாகக் கேட்கும் ஒலி பழைய ஒலி போல இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் கிரானைட் அறுவை, பாலிஷ் பட்டறை, ஓசூர் தொழிற்சாலை என்று பல வருஷம் இரைச்சலில் நின்றவர்களுக்குக் கீச்சு ஒலிகள்தான் முதலில் போகும். அதன்மேல் வயதும் சேரும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக் கேட்பை இழந்தவர்களும் உண்டு. மூளைக்காய்ச்சலில் காது போனவர்கள் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டால் கம்பி உள்ளே போகாது.

வயதுக்கு மேல் வரம்பு இல்லை. மயக்க மருந்தைத் தாங்கும் உடம்பு இருந்தால் எண்பதிலும் செய்கிறார்கள். பலனைத் தீர்மானிப்பது வயதைவிட, அந்தக் காது எத்தனை வருஷம் ஒலியே இல்லாமல் கிடந்தது என்பதுதான். ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பிறவியிலேயே காது கேளாமல், மிஷினும் பழகாமல், சைகையிலேயே வாழ்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு இதைப் பொருத்தினால் கதவு தட்டுவதும் வண்டி ஹாரனும் தெரியலாம். பேச்சு புரிவது மிகக் கடினம். அதற்காக நிலத்தை விற்காதீர்கள்.

பணம் பெரிய விஷயம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைப்பது 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. பெரியவர்களுக்குக் கைக்காசு அல்லது தனியார் காப்பீடு. ஒரு காதுக்கு, கருவியின் மாடலைப் பொறுத்து, சுமார் 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை ஆகும். உள்கருவிக்குப் பொதுவாக 10 ஆண்டு வாரண்டி. ஒலியைப் பிடித்து உள்ளே அனுப்ப வெளியே மாட்டும் பிராசஸருக்கு அதைவிடக் குறைவு, காலப்போக்கில் அதை மாற்றவும் வேண்டிவரும். அந்தச் செலவும் லட்சங்களில்தான். ஆகவே கொட்டேஷன் வாங்கும்போதே காயில் (காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான பகுதி), கேபிள், பேட்டரி ஆகியவற்றின் தனி விலையையும் எழுதி வாங்குங்கள். அடிக்கடி போவது கேபிள்தான். ஒன்று கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு முன் சிடி, எம்ஆர்ஐ எடுத்து, காக்ளியா திறந்திருக்கிறதா, நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிமோகாக்கல் தடுப்பூசியைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். கருவி வைத்த காதில் மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் இரண்டு மூன்று மணி நேரம். பிறகு சிலருக்குச் சில நாள் தலைசுற்றும், நாக்கில் ருசி மாறும், பெரும்பாலும் சரியாகிவிடும். முகநரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் மானிட்டர் வைத்துத்தான் செய்வார்கள். அந்தக் காதில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சக் கேட்பும் போய்விடலாம் என்பதை மனதில் வைத்தே கையெழுத்துப் போடுங்கள்.

இனிதான் உண்மையான வேலை. காயம் ஆறி இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஸ்விட்ச் ஆன், அதாவது கருவியை முதல்முறை இயக்குவது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல, விசில் போல, எல்லாருக்கும் ஒரே குரல் போலத்தான் கேட்கும். அன்றைக்கே "வீணாப் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். மூளை இந்தப் புது ஒலியைப் பேச்சாகப் பழகிக்கொள்ள மாதங்கள் ஆகும். முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும், ஒரு வருஷம் வரையும் அதற்கு மேலும் கூடிக்கொண்டு போகும்.

மேப்பிங்கில், ஒவ்வொரு மின்முனைக்கும் மெல்லிசாகக் கேட்கத் தொடங்கும் அளவும், இதற்கு மேல் வேண்டாம் என்னும் அளவும் குறிக்கப்படும். கம்பியைச் சுற்றித் திசு படிவதாலும் காது பழகுவதாலும் இந்த அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 3, 6, 12 மாதம், அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை என்று போய்வர வேண்டும். இங்கே நம் பெரியவர்களின் மரியாதையே குறுக்கே நிற்கிறது. எதைக் கேட்டாலும் "பரவால்லைங்க, கேக்குதுங்க" என்பார்கள். காது கூசும் அளவையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டு வந்து, மறுநாள் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். போவதற்கு முன்பே வீட்டில் பழக்குங்கள்: ஒரு விரல் என்றால் மெல்லிசு, மூன்று என்றால் சரி, ஐந்து என்றால் தொல்லை.

ஆகவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டாக்டர் பெயருக்கு அடுத்து நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: மேப்பிங் எந்த ஊரில், வாரத்தில் எந்த நாள், எந்த மொழியில்? கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. பெங்களூருவோ வேலூரோ பஸ்ஸில்தான் எளிது. தர்மபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்கு ரயில் உண்டு. கோவைக்கும் தர்மபுரியிலிருந்தே ரயில் உண்டு. சென்னை என்றால் மொரப்பூரில் ஏற வேண்டும். முதல் வருஷத்தில் எட்டு பத்து தடவை ஒரு துணையோடு போய்வர முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாத இடத்தில் எவ்வளவு நல்ல ஆபரேஷன் நடந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

மொழியும் முக்கியம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கு அந்த மொழியிலேயே பயிற்சி தொடங்க வேண்டும். காது முதலில் தேடுவது வீட்டுப் பேச்சைத்தான்.

தமிழில் பயிற்சி என்றால், நீளத்தில் தொடங்குங்கள். குறில் நெடில் வேறுபாட்டை இந்தக் கருவி நன்றாகவே தரும்: கல் – கால், பல் – பால், படி – பாடி. அடுத்து ஊர்ப்பெயர்கள். பத்து ஊரை எழுதி முன்னால் வைத்து, வாயை மறைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லி, விரலால் காட்டச் சொல்லுங்கள். அரூரையும் பாப்பிரெட்டிப்பட்டியையும் முதல் வாரமே பிரித்துவிடுவார்கள். அரூருக்கும் ஓசூருக்கும், தொப்பூருக்கும் மொரப்பூருக்கும் கொஞ்சம் நாளாகும். பிறகு சட்டை, கட்டை, தட்டை, பட்டை. இதில் 'ச' சீக்கிரம் பிடிபடும். க, த, ப மூன்றும் கடைசி வரை குழப்பும், சோர்ந்துவிட வேண்டாம். வாழை – வாளை சோதனை வேண்டாம். பேசுகிறவர்களே பலர் பிரிக்காத ஒலியைக் கேட்பவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அரைமணி நேரமாக, நாளுக்கு இரண்டு தடவை, ஒரே ஆள் குரலில் தொடங்கி, பிறகு ஆளை மாற்றுங்கள். மிக்ஸி, டிவி ஓடும்போது பயிற்சி ஆறு மாதத்துக்கு அப்புறம். பாட்டு இன்னும் தாமதம். சுருதியைக் கருவி சரியாகத் தருவதில்லை. தாளத்தை முதலில் ரசிக்கலாம். மறுகாதில் மிஷின் கொஞ்சமாவது உதவினால் அதைக் கழற்றாதீர்கள், ஆனால் பயிற்சி நேரத்தில் மட்டும் அணைத்து வையுங்கள்.

தினசரிப் பராமரிப்பில் நம் ஊர் எதிரி தேங்காய் எண்ணெய். காயில், மைக் துளை இரண்டிலும் படியும். குரல் மங்கினால் முதலில் மைக் கவரை மாற்றிப் பாருங்கள். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வையுங்கள், வெயில் காலத்தில் வியர்வை உள்ளே இறங்கும். 675 பட்டன் செல் போடும் மாடல் என்றால் இம்ப்ளாண்டுக்கென்று வரும் செல்லையே வாங்குங்கள். காது மிஷின் செல்லால் அந்தக் கரண்டைக் கொடுக்க முடியாமல் நடுவில் நின்றுவிடும். ஸ்டிக்கரை உரித்துச் சில நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். விரல் நடுங்குகிறவர்களுக்குச் சார்ஜ் பேட்டரியே நல்லது.

தீர்த்தமலையிலோ வேறெங்கோ மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் போடலாம். கருவி இருக்கும் மேட்டில் கத்தியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். முடி போனதும் காந்தத்துக்கும் தோலுக்கும் இடைவெளி குறைந்து இழுப்பு கூடும், தோல் சிவந்து புண்ணாகும். முடி வளரும் வரை ஒரு நம்பர் குறைந்த காந்தம் போட வேண்டும். ஹெல்மெட் காயிலைத் தள்ளிவிடும். பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் ஹெல்மெட்டை அல்ல, வெளிக்கருவியைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது மேல்.

கடைசியாக, கருவி அட்டை, அதாவது உள்ளே வைத்த கருவியின் மாடல் விவரம் உள்ள அட்டை. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பும், உடம்பில் எந்த ஆபரேஷனுக்கு முன்பும் அதைக் காட்டியே தீர வேண்டும். உள்ளே காந்தம் இருக்கிறது. எந்த மாடலுக்கு எவ்வளவு டெஸ்லா (எம்ஆர்ஐ காந்தத்தின் வலிமை அளவு) வரை எடுக்கலாம் என்பது மாடலைப் பொறுத்தது. தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (ஆபரேஷனில் மின்சாரத்தால் சுட்டு ரத்தக்கசிவை நிறுத்தும் ஒரு வகை) கூடவே கூடாது. எக்ஸ்ரே, சிடிக்குத் தடையில்லை. அட்டையின் ஒரு நகல் பீரோவில், ஒன்று சட்டைப்பையில், போட்டோ பிள்ளைகள் எல்லாருடைய போனிலும் இருக்கட்டும்.