மஃபாத் பழைய வரைபடம்: புள்ளி கடைசியில் பாதைமேல் வந்து நின்றது

மஃபாத் என்பது ரீயூனியன் தீவில் பாறைச்சுவர்கள் சூழ்ந்த பெரிய பள்ளம். அதன் விளிம்பிலுள்ள மாய்தோ காட்சிமுனையில் போனைத் திறந்தால், ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய வரைபடத்தில் என் இருப்பிடப் புள்ளி ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றுகொண்டிருந்தது. இப்போது பாதைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. கோளாறு சிப்பிலும் இல்லை, ஆன்டெனாவிலும் இல்லை; டேட்டத்தில், அதாவது வரைபடம் பூமியின் எந்த மாதிரியை அடிப்படையாக வைத்து இடங்களை அளக்கிறது என்பதில்.

கருவி: எல்1, எல்5 என்ற இரண்டு செயற்கைக்கோள் அலைவரிசைகளையும் பிடிக்கிற, காற்றழுத்தமானி உள்ள ஆண்ட்ராய்டு போன். மஃபாத்தில் சிக்னல் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதைப் பிரித்தறிய எல்5 உதவுகிறது. காற்றழுத்தமானி இல்லாத போன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், ஏற்ற இறக்கக் கணக்கு கந்தலாகிவிடும்.

இனி அந்த டேட்டம். ஸ்கேன் செய்த தாளின் ஓர எண்களை முதலில் படியுங்கள். மஃபாத் பக்கம் 336000, 7668000 மாதிரி இருந்தால் யூடிஎம் 40 தெற்கு (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் கட்டமுறை). புதிய தாள்கள் அப்படித்தான், மென்பொருளில் அந்த முறையைக் குறிக்கும் இபிஎஸ்ஜி எண் 2975 போதும். 148000, 56000 மாதிரி இருந்தால் பழைய கவுஸ்-லபோர்ட் கட்டமுறை, 1947 பித்தோன் தே நேஜ் டேட்டம். அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கையால் வரையறுக்கும்போது மையம், அந்த மையத்துக்குக் கொடுக்கும் 160000, 50000 எல்லாம் சரியாகப் போட்டும், பழைய டேட்டத்தை ஜிபிஎஸ் டேட்டத்துக்கு மாற்றும் நகர்வு எண்கள் விட்டுப்போனால், மென்பொருள் நகர்வைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். போட வேண்டியவை 94, -948, -1262 மீட்டர். குறியை மாற்றிப் போட்டால் பிழை இரட்டிப்பாகும். இபிஎஸ்ஜி 3727-ஐ எடுத்தாலும் இந்த மூன்றும் அமலாகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏமாற்றுவது எது தெரியுமா? ஸ்கேனை இடத்தில் பொருத்த நாம் குறிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் எச்சப்பிழை (பொருத்திய பின் மிஞ்சும் விலகல்) ஒரு பிக்சலுக்குள் அழகாகவே காட்டும். எல்லாப் புள்ளியும் சேர்ந்தே நகர்ந்திருப்பதால் அந்த எண்ணுக்கு இது தெரியவே தெரியாது. தாளுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்: வானம் திறந்த மாய்தோவில் பத்து நிமிடம் பதிவுசெய்த தடம். பள்ளத்துக்குள் இறங்கிச் சோதிக்காதீர்கள்.

300 டிபிஐ ஸ்கேனில், 1:25,000 தாளுக்கு, ஒரு பிக்சல் சுமார் 2.1 மீட்டர். அதனால் ஓஸ்மாண்ட் என்ற போன் வரைபடச் செயலிக்கு டைல்களாக (சிறு சதுரப் படங்களாக) வெட்டும்போது ஜூம் 16 போதும், அதிலும் ஒரு பிக்சல் ஏறக்குறைய அதே அளவுதான். 17 போட்டால் கோப்பு நான்கு மடங்காகும், விவரம் ஒரு கோடுகூட அதிகமாகாது.

அடுத்து வாங்க நினைப்பது தனி புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர். வெளியிலிருந்து வரவழைத்தால் ஒக்த்ருவா தெ மேர் என்ற தீவின் இறக்குமதி வரியையும் சேர்த்து விலை பாருங்கள்; பேட்டரியை இங்கேயே வாங்குவது நல்லது, லித்தியம் என்றாலே விமானப் பார்சலுக்குப் பல கடைக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். பக்கத்துப் பள்ளமான சிலாவோஸின் தாள் இன்னும் பாதி ஸ்கேனில் கிடக்கிறது, அதன் ஓர எண்களும் பழைய வகைதான்.