பெருக்கம்பழத் தூளை மருந்தாகக் குடிக்காதீர்கள், சம்பலில் போடுங்கள்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரரின் சூட்கேஸில் முன்பெல்லாம் சொக்லேட்டும் சவர்க்காரமும் இருக்கும், இப்போது விதவிதமான தூள்கள் வருகின்றன. மச்சாள் கொண்டுவந்த தூளின் பெயர் பாவோபாப். பைக்கற்றின் பின்பக்கத்தை வாசித்தால் இவ்வளவு காலமும் இதைக் குடிக்காமல் எப்படி உயிரோடு இருந்தோம் என்று தோன்றும். தோடம்பழத்தைவிட ஆறு மடங்கு விற்றமின் சி, பாலைவிட இரண்டு மடங்கு கல்சியம், நார்ச்சத்து, பொட்டாசியம், இன்னும் என்னென்னவோ. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "இதைக் குடிச்சால் சீனி குறையுமாம், அப்ப குளிசையை நிப்பாட்டலாமோ?"

நிப்பாட்டக்கூடாது. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் இது என்ன பழம் என்று பார்ப்போம், ஏனென்றால் மன்னார்ப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது அந்நியமே இல்லை.

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம்தான் இது. ஆனைப்புளி என்றும் சொல்வார்கள், தமிழ்நாட்டில் பப்பரப்புளி, பொந்தன்புளி. உயரம் பெரிதாக இல்லை, ஆனால் அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல், பக்கத்தில் ஓட்டோவை நிறுத்தினால் ஓட்டோ விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். நெடுந்தீவிலும் ஒன்று உண்டு, அடிமரப் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். மரத்தின் பிறந்த வீடு ஆபிரிக்கக் கண்டம், சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட புல்வெளிகள். தாவரவியலில் அடன்சோனியா டிஜிட்டாட்டா. 18ஆம் நூற்றாண்டில் செனகலில் சில வருடங்கள் தங்கி மரஞ்செடிகளைப் பதிவுசெய்த பிரெஞ்சுக்காரர் மிஷெல் அடன்சனின் பெயரால் அந்தப் பெயர் வந்தது. இரவில் வெள்ளைப் பூ விரியும், வௌவால் வந்து மகரந்தச்சேர்க்கை நடக்கும்.

பழத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நாம் சாப்பிடும் பெரும்பாலான பழங்களுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு இருக்கிறது. பழுக்கப் பழுக்கச் சதை ஈரமாவதில்லை, மரத்தில் தொங்கியபடியே உள்ளுக்குள் காய்ந்துவிடுகிறது. வெளியே வெல்வெட்டுப் போன்ற பச்சை பூத்த கெட்டி ஓடு, உடைத்தால் உள்ளே வெள்ளையும் இளமஞ்சளுமாக மாக்கட்டி போன்ற சதை, அதற்குள் கறுப்பு விதைகள், எல்லாவற்றையும் சுற்றிச் சிவந்த தும்பு. ஒரு கட்டியை வாயில் போட்டால் முதலில் சோக்குக்கட்டி போல ஒட்டும், பிறகு மெதுவாகக் கரைந்து புளிக்கும். புளிப்பு கடுமையானதல்ல, தேசிக்காயின் வெட்டு இதில் இல்லை, பின்னால் ஒரு மெல்லிய இனிப்பும் வரும். தூளாக்குவதற்குப் பெரிய இயந்திர வேலை எதுவும் தேவையில்லை, இடித்து விதையைப் பிரித்துச் சலித்தால் போதும். சூடு காட்டாமல் தூளாவதால்தான் விற்றமின் சி அதில் தங்குகிறது.

சரி, அந்த ஆறு மடங்குக் கணக்கு. பொய் இல்லை, ஆனால் கணக்குப் போடுகிறவர்களின் கைவேலை. 100 கிராம் சதைத்தூளில் ஏறக்குறைய 150 முதல் 500 மில்லிகிராம் வரை விற்றமின் சி இருக்கலாம், மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர் மாறும், நடுவில் 300 என்று வையுங்கள். தோடம்பழத்தில் 100 கிராமுக்கு 50 சொச்சம். ஆனால் தோடம்பழத்தில் 100க்கு 87 பங்கு தண்ணீர், இந்தத் தூளிலோ தண்ணீர் பத்துப் பன்னிரண்டு வீதம்தான். காய்ந்ததையும் ஈரமானதையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தால் காய்ந்தது வெல்லத்தானே செய்யும்? அதோடு ஒரு தோடம்பழத்தை முழுதாகத் தின்கிறோம், தூளில் 100 கிராம் யார் தின்கிறார்கள்? ஒரு பெரிய கரண்டி, அதாவது 10 கிராம் போட்டால் 30 மில்லிகிராம் கிடைக்கும். நடுத்தர அளவுத் தோடம்பழம் ஒன்று அதைவிடக் கூடுதலாகத் தந்துவிடும். கொய்யாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 100 கிராமில் 200க்கு மேல், அதுவும் பச்சைப் பழமாக. நெல்லியும் பக்கத்தில்தான் நிற்கிறது. கல்சியக் கதையும் இதே மாதிரி. ஒரு கரண்டித் தூளில் 30 மில்லிகிராம் அளவில்தான் வரும், எலும்போடு பொரித்த ஒரு பிடி நெத்தலி அதைவிட எவ்வளவோ மேல், விலையும் குறைவு.

உண்மையில் இந்தப் பழத்தின் பலம் நார்ச்சத்துதான். தூளில் கிட்டத்தட்டப் பாதி அது. ஒரு கரண்டிக்கு நான்கைந்து கிராம் கிடைக்கிறது, அதில் நல்ல பங்கு தண்ணீரில் கரையும் பெக்டின். வெள்ளைச்சோறும் பாணும் கொத்துரொட்டியுமாக வாழும் கொழும்பு வயிற்றுக்கு இது சின்ன விஷயமில்லை. 2013இல் ஒக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தார் சிறிய அளவில் ஓர் ஆய்வு செய்தார்கள், பாணோடு பாவோபாப் சாறு குடித்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய இரத்தச் சீனி ஏற்றம் கொஞ்சம் குறைந்தது. அம்மாவின் பைக்கற் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கொஞ்சப் பேரை வைத்து ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு அளந்த முடிவு அது. வருடக்கணக்காகச் சலரோகத்துக்கு மருந்து எடுக்கிறவர் குளிசையை விடுவதற்கு அது நியாயமாகாது. இன்னொன்று, பொட்டாசியம் இதில் நிறைய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதைப் பைக்கற்றில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம், போடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தூளைப் புதுவகை உணவுப்பொருளாக அனுமதித்தது 2008இல், அமெரிக்கா அடுத்த வருடம். அங்கே கடைத்தட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆபிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி என்று மருந்தாக அல்ல, பெரும்பாலும் ருசிக்காகத்தான் சாப்பிடுகிறார்கள். நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

செனகலில் புய் என்று ஒரு பானம். சதை ஒட்டிய விதைகளை அப்படியே தண்ணீரில் ஊறவைத்து, நாம் பழப்புளி கரைப்பது போலக் கையால் பிசைந்து வடித்து, சீனியும் சில வீட்டில் பாலும் சாதிக்காயும் சேர்த்துக் குளிரவைப்பார்கள். தடிப்பாக, வெண்மையாக இருக்கும். அதே செனகலில் பெரிய வெள்ளியன்று கிறிஸ்தவ வீடுகளில் ங்கலாக் செய்வார்கள், சிறுதானியக் குருணையை அவித்து, நிலக்கடலை அரைத்த விழுதோடு இந்தப் பழக்கரைசலையும் சேர்த்த இனிப்புக் கூழ். பெரிய சட்டியில் செய்து முஸ்லிம் அயலவருக்கு அனுப்புவது வழக்கம். நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும் மதில் தாண்டி வரும் கொழும்பில் இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. சூடானில் மரத்துக்குத் தபல்தி என்றும் பழத்துக்குக் கொங்கலேஸ் என்றும் பெயர், அங்கே வயிற்றோட்டத்துக்கும் இதன் பானத்தைக் கொடுப்பார்கள். மலாவியில் மலம்பே, ஜூஸாகவும் ஐஸ்பழமாகவும் விற்கிறார்கள். கென்யாவின் மொம்பாசாவில் மபுயு. சதையோடு உள்ள விதையைச் சீனிப்பாகில் புரட்டி, ஏலக்காயும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் சிவப்புச் சாயமும் போட்டுப் பைகளில் விற்பார்கள். சப்பித் துப்பும் மிட்டாய், நாக்கும் விரலும் சிவந்துபோகும். விதைப்பருப்பை வறுத்து இடித்துக் கறிக்குத் தடிப்பாகப் போடுவார்கள், கோப்பிக்கு மாற்றாக வறுப்பதும் உண்டு.

இதையெல்லாம் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். இது ஒரு புளிப்பு. தண்ணீர் சேர்க்காத, நிறம் மாற்றாத, அதே நேரம் குழம்பைக் கொஞ்சம் தடிப்பாக்கும் புளிப்பு. நம் குசினியில் இருக்கும் புளிப்புகள் எதற்கும் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடையாது. தேசிக்காய் ஈரம் விடும், பழப்புளி கறுக்கவைக்கும், கொறுக்காய் மீனுக்குத் தவிர எனக்கு வேறெதற்கும் பிடிக்காது.

அதனால் எங்கள் வீட்டில் தூள் முதலில் போனது தேங்காய்ச்சம்பலுக்குத்தான். தேசிக்காய்ப் புளிக்குப் பதிலாக ஒரு தேங்காய்க்கு ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பும் செத்தல்மிளகாயும் சின்னவெங்காயமும் இடித்த பிறகு கடைசியில் தூவிக் கையால் பிசறினால் சம்பல் உதிர் உதிராக நிற்கிறது. பயணத்துக்குப் பாணோடு கட்டிக்கொண்டு போனால் பாணும் நனையாது. இரண்டாவது சொதி. அடுப்பை நிற்பாட்டி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு, கால் கோப்பைத் தண்ணீரில் குழைத்த தூளை ஊற்றிக் கலக்கவேண்டும். கொதிக்கும்போது போட்டால் விற்றமின் சியும் போகும், பாலும் திரையும். இடியப்பத்துக்கு அந்தச் சொதி கொஞ்சம் தடிப்பாக, நல்ல வெள்ளையாக இருந்தது, அம்மாவே இரண்டாந்தரம் ஊற்றிக்கொண்டார். குளிசைக் கேள்வி அன்றோடு மறந்துபோனது.

விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டுக் கரைத்துக் குடித்துப் பழகியவர்களுக்கு புய் பானம் பாதி தெரிந்த சாமான்தான். செய்முறையும் அப்படியே: இரண்டு மேசைக்கரண்டித் தூளை முதலில் ஒரு சொட்டுத் தண்ணீரில் பசையாகக் குழைத்துக்கொள்ளுங்கள், நேரே கிளாஸில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் போகாது. பிறகு குளிர்ந்த முதற்பால், பனங்கட்டி அல்லது கித்துள்பாணி, ஒரு சிட்டிகை உப்பு, சாதிக்காய் ஒரு உரசல். செனகல்காரர் தேங்காய்ப்பாலைப் பார்த்துச் சிரிக்கக்கூடும், பரவாயில்லை. எருமைத்தயிரும் பாணியும் சாப்பிடும்போது மேலே தூவுவதும் நல்லது, தயிரின் புளிப்போடு மோதாது.

ஆனால் எனக்கு ஆகப் பிடித்தது இதில் எதுவுமில்லை. காலிமுகத்திடலில் மாங்காய்க்கும் அன்னாசிக்கும் போட்டுத் தருகிறார்களே உப்பும் மிளகாய்த்தூளும், அந்தக் கலவையில் இதையும் சம அளவு சேர்த்து ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கிறேன். மபுயுவின் யோசனைதான், மிட்டாயிலிருந்து பழத்துக்கு மாற்றிக்கொண்டேன். இனிப்பு ஏறிய அன்னாசியிலும் கொய்யாவிலும், பப்பாசியில் முக்கியமாக, அபாரமாக இருக்கிறது. பப்பாசி பிடிக்காத என் தங்கை மகன் இந்தத் தூளுக்காகவே ஒரு கீற்றுச் சாப்பிடுகிறான், பழத்தைவிடத் தூளைத்தான் நக்குகிறான் என்பது வேறு கதை.

தேத்தண்ணியில் போடாதீர்கள். கலங்கலாகும், ருசியும் கெடும். கேக் மாவில் போடலாம், இதிலுள்ள அமிலம் அப்பச்சோடாவோடு சேர்ந்து பொங்கவைக்கும், ஆனால் அவ்வளவு விலைகொடுத்த தூளை அவனில் வைத்துச் சுடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நார்ச்சத்து கூட என்பதால் முதல் நாளே மூன்று கரண்டி போட்டுவிட்டு வயிறு ஊதுகிறது என்று சொல்லாதீர்கள், அரைக் கரண்டியில் தொடங்கித் தண்ணீரும் நிறையக் குடியுங்கள். கொழும்பு ஈரக்காற்றில் இந்தத் தூள் ஒரு வாரத்தில் கல்லாகிவிடும், ஆகவே ஈரமில்லாத கரண்டி, இறுக்கமான மூடி, பிரிட்ஜ்.

மன்னாரில் மரம் நிற்கும்போது லண்டனிலிருந்து தூள் ஏன் என்று கேட்பீர்கள். அங்கே மிச்சமிருப்பவை கொஞ்ச மரங்கள், பெரும்பாலும் மிகப் பழையவை, அவை தூள் வியாபாரத்துக்குத் தாங்காது. போனால் பாருங்கள், கீழே பழம் விழுந்து கிடந்தால் ஒன்றை உடைத்துச் சப்பிப் பாருங்கள், மரத்தில் ஏறியோ கல்லெறிந்தோ பிடுங்கவேண்டாம்.

இலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். வட நைஜீரியாவில் இந்த மரத்தின் இலையைக் காயவைத்து இடித்துக் கூக்கா என்ற பச்சைத்தூளாக்கி, மியான் கூக்கா என்று குழம்பு வைக்கிறார்கள், வெண்டிக்காய் மாதிரிக் கொழகொழப்பாக இருக்கும், துவோ என்ற களியோடு சாப்பிடுவார்கள். மாலியிலும் இலைத்தூள் தினசரிச் சமையல். கல்சியம் என்று பார்த்தால் பழத்தைவிட இலைதான் பெரிய ஆள், விளம்பரம் மட்டும் பழத்துக்கு. எங்கள் ஒடியற்கூழில் இந்த இலைத்தூளை ஒரு கரண்டி போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் எங்கேயாவது கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கடைப் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த மாதம் மச்சான் வருகிறார், இல்லாவிட்டால் அவருடைய சூட்கேஸில்தான் சொல்லிவிடவேண்டும்.