வழியில் கீழே போட்டியா தம்பி?

“வர்ற வழியில எங்கயாவது கீழே போட்டியா தம்பி?”

நான் கேட்டது இவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. பக்கத்தில் எங்கள் முதலாளி நின்றிருந்தார், பையனின் முதலாளி போனில் காத்திருந்தார். 1994 நவம்பர், காலண்டர் சீசன். அச்சுக்கான ஃபிலிம் எடுத்துக் கொடுக்கிற கடை எங்களுடையது, அந்த ஃபிலிம் அன்று ராத்திரியே சிவகாசி பஸ் ஏறியாக வேண்டும். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று முப்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் கொண்டுவந்தது ஒரு ரிமூவபிள் ஹார்ட் டிஸ்க் கார்ட்ரிட்ஜ். பென் டிரைவோடு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏ4 அளவில், 300 டிபிஐயில், நாலு கலர் படம் ஒன்று சுமார் 35 எம்பி வரும். ஃப்ளாப்பியில் கொள்வது 1.44. அதனால் ஹார்ட் டிஸ்கின் தட்டை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, தட்டைப் படிக்கிற ஹெட், மோட்டார் எல்லாவற்றையும் டிரைவிலேயே வைத்துக்கொண்டார்கள். சையத் இஃப்திகார் 1982இல் தொடங்கிய சைக்வெஸ்ட் இதில் பேர்போன கம்பெனி. மேக் கம்ப்யூட்டர் வைத்து அச்சுக்குப் பக்கம் வடிவமைத்தவர்களிடம் அவர்களுடைய 44 எம்பி கார்ட்ரிட்ஜ் ரூபாய் நோட்டு மாதிரி கைமாறியது. எங்களிடம் இருந்தது எந்தக் கம்பெனி டிரைவ் என்று சொல்லப்போவதில்லை. இதில் கம்பெனியைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

தட்டு சுழலும்போது ஹெட் அதன்மேல் உட்காராது, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய காற்றில் மிதக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்கை மூடி வைத்துவிடுகிறோம், சரி. இது நாளுக்குப் பத்துத் தடவை கதவு திறக்கிற வீடு, தூசு வரத்தான் செய்யும். ஒரு துகள் போதும், ஹெட் தட்டை உரசிவிடும். உரசின தட்டை நல்ல டிரைவில் போட்டால் அந்த ஹெட் கெடும், கெட்ட ஹெட் அடுத்து வருகிற நல்ல தட்டைக் கீறும். மெட்ராஸ் ஐ மாதிரி ஒட்டிக்கொண்டே போகும். (ஐயோமெகா கம்பெனியின் பெர்னூலி பாக்ஸ் என்ற டிரைவில் தட்டு வளையக்கூடியது, கரண்ட் போனால் ஹெட்டை விட்டுத் தானாக விலகிவிடும். நம் ஊர் கரண்டுக்கு அதுதான் லாயக்கு. நாங்கள் வாங்கவில்லை.)

அன்றைக்கு லீவரைத் தள்ளினேன், தட்டு சுற்ற ஆரம்பித்தது, ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். திரையில் ஐகான் வரவே இல்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி.

“இல்லண்ணே, மடியிலயே வச்சிட்டு வந்தேன். இன்னொரு டிரைவ்ல போட்டுப் பாருங்கண்ணே.”

போடவில்லை. அது சரியான முடிவு, இன்றைக்கும் அதையே சொல்வேன். போட்டிருந்தால் இரண்டாவது டிரைவும் போயிருக்கும், அன்று வரிசையில் நின்ற இன்னும் நாலு பேரின் வேலையும் போயிருக்கும்.

ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அதே டிரைவில் வேறொரு கார்ட்ரிட்ஜ் ஓடும்போது லேசாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டிருந்தது. ஃபேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, இல்லை அப்படி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பையனிடம் கேள்வி கேட்டபோது அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருந்தது, அது மட்டும் நிச்சயம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். அந்த டிரைவின் விலை என் பல மாசச் சம்பளம்.

அவன் போன பிறகு எங்கள் பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றை அதே டிரைவில் போட்டுப் பார்த்தேன். அதையும் உரசியது. சரி, டிரைவ்தான் கெட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. அவன் தட்டு ஹெட்டைக் கெடுத்திருந்தாலும் இப்படித்தான் உரசும். எது முதலில் கெட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாத சாதனம் அது. பிற்பாடு அதே ஐயோமெகா கொண்டுவந்த ஜிப் டிரைவிலும் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் இதே கதை வந்து, ‘கிளிக் ஆஃப் டெத்’ என்று பெயர் வாங்கி, 1998இல் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் கேள்வியையே பதிலாக எடுத்துக்கொண்டு, “உங்க பையன் கீழ போட்டுட்டான்” என்று போனில் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. அப்படிச் சொன்னது நான் இல்லையே.

பையன் அந்த உதவாத கார்ட்ரிட்ஜை மறுபடியும் அதே துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினான். கீழே போடுகிறவன் அப்படிப் பிடிப்பானா? ஒருதடவை போட்டவனும் அப்படிப் பிடிப்பான்தான்.