காசிமேட்டு வாலுகள்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

யாழ்ப்பாணத்திலிருந்து இறைபணிக்காகக் காசிமேட்டுக்கு வந்த பிறகு எனக்கு இது முதல் பொங்கல். காலைப் பூசை முடிந்து வந்தால் எங்கள் வாசல் திண்ணையில் கேரம் போர்டு. ஞாயிறென்றால் மீன் வாங்க வரும் கூட்டத்தில் தெருவே அடைத்துக்கொள்ளும், பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடம் ஏது? மாலையில் என்னிடம் டியூஷன் படிக்கிறவர்கள்தான், இன்று எனக்கே வாத்தியார்கள். முன்பல் விழுந்த ஒருத்தி என் விரலை மடக்கிப் பிடித்து ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வைத்தாள். "ரெட்டு போட்டா ஃபாலோவும் போடணும் சிஸ்டர். இல்லன்னா ரெட்டு திரும்ப நடுவுக்கு வந்துடும்!" ரெட்டு என்றால் சிவப்புக் காய், ஃபாலோ என்றால் அதை அடுத்து உடனே போட வேண்டிய நம் காய்.

வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். போன நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தப் பெயரைச் சொன்னாலே இந்தப் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "காசிமா அக்கா மாதிரி நானும் போவேன் சிஸ்டர்." போகட்டும், மனதார ஜெபிக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

விடியுமுன்னே மேளச் சத்தம். எங்கள் ஊரில் போகி இப்படிக் கிடையாது. கதவைத் திறந்தால் ஆளுக்கொரு குட்டி மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசல் நிறையப் பிள்ளைகள். "பழசு எதனா இருந்தா குடுங்க சிஸ்டர், எரிக்கலாம்!" கிழிந்த பாய் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு பொடியன் சைக்கிள் டயரை உருட்டி வந்தான். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாதடா, உன் தங்கச்சிக்கு ஏற்கெனவே இளைப்பு என்றேன். ஒரு நிமிடம் யோசித்தான். சரி என்று குச்சியால் அதைத் தட்டி ஓட்டிக்கொண்டே தெருக்கோடிவரை போய்விட்டான். மற்றவர்கள் நெருப்பை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

நாலைந்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. கொண்டுவந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவைச் சொன்னேன். ஆள் உயரத்தைத் தாண்டிய பட்டங்கள் என்றதும் வாய் பிளந்தார்கள். "மாஞ்சா போடுவாங்களா?" கழுத்தை அறுக்கும் அந்தக் கண்ணாடித்தூள் நூலுக்கு இங்கே தடை என்பது அவர்களுக்கும் தெரியும். அங்கே ஒன்றையொன்று அறுப்பது போட்டியில்லை, அழகாகச் செய்து ஏற்றுவதுதான் போட்டி என்றேன். அப்புறம் படம் வரைந்து காட்டும்வரை விடவில்லை.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். தெருவில் பாதிப் பேரோடு மெரினாவுக்குப் போனோம். மணல் தெரியாத கூட்டம். சிறுவர்கள் தொலைந்துவிடக் கூடாதென்று பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைப் போலீஸார் கையில் கட்டிவிடுகிறார்கள். நம் முன்பல்காரி தன் கையில் கட்டியதும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "சிஸ்டருக்கும் கட்டுங்க. அவங்க ஊரு வேற, வழி தெரியாது." யார் நம்பர் போடுவது என்று கேட்டார் பெண் காவலர். "எங்கம்மா நம்பரே போடுங்க!"

கட்டிவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மிளகாய் பஜ்ஜிக் கடையிலும் ராட்டினத்திலும் அவள் என் கையை விடவேயில்லை. திரும்பும் வழியில் நாளை டியூஷன் என்று வாயெடுத்தேன். திங்கட்கிழமை வரைக்கும் கிடையாது என்று பஸ்ஸே அதிர எல்லாருமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.